ஏசி வாடை: வாசனை க்ளிப் முதல் ஓசோன் வரை எது தேறும்?

ஏசியைப் போட்ட முதல் நிமிடம், ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை குப்பென்று அடிக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். மறுநாள் மறுபடியும் அதே கதை. கார் ஏசி நாற்றத்தில் பெரும்பாலானது இந்த ரகம்தான்.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில், ஏசி ஓடும்போது உறைநிலையை ஒட்டிய குளிர்ச்சியில் இருக்கும். காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்து, டிரெயின் பைப் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். வண்டியை நிறுத்தினால் குளிர் போய்விடும், ஈரம் போகாது. இருட்டு, ஈரம், தகடுகளுக்கு இடையில் படிந்த தூசி: பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அதனால் எந்தத் தீர்வானாலும் நான் கேட்பது இரண்டே கேள்விதான். அது காயில் வரை போகிறதா? ஈரத்தை என்ன செய்கிறது?

வென்ட்டில் மாட்டும் வாசனை க்ளிப் இரண்டிலுமே தேறாது. நானும் மாட்டிப் பார்த்தவன்தான். ஒரு வாரம் எலுமிச்சை மணந்தது. பிறகு எலுமிச்சையும் பூஞ்சையும் கூட்டணி வைத்து, பழைய நாற்றமே தேவலாம் என்று சொல்ல வைத்தன. சீட்டுக்கு அடியில் வைக்கும் சமையல் சோடா உள்ளே தங்கிய வாடையை ஓரளவு இழுக்கும். காயில் பக்கம் அதற்கு வேலையே இல்லை.

காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை மாற்றுவது உருப்படியான முதல் வேலை. பல கார்களில் க்ளோவ் பாக்ஸைக் கழற்றினால் கைக்கு எட்டிவிடும், மெக்கானிக் தேவையில்லை. ஈரத் தூசி அடைத்த பழைய ஃபில்டரே நாறும், காற்றையும் குறைக்கும். ஆனால் கூடுதல் காசு கொடுத்து கார்பன் ஃபில்டர் போட்டால் பூஞ்சை வாடை போய்விடும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் காற்று முதலில் ஃபில்டரைத் தாண்டித்தான் காயிலுக்குப் போகிறது. வெளியிலிருந்து வரும் புகை வாடையை கார்பன் பிடிக்கும். அதற்குப் பின்னால் கிளம்பும் நாற்றத்தை எப்படிப் பிடிக்கும்?

உண்மையான போட்டி, மருந்தைப் புகையாக விடும் கேனுக்கும், காயில்மேல் அடிக்கும் நுரை மருந்தான ஃபோமுக்கும்தான். கேன் சோம்பேறிகளின் நண்பன். ஏசியை ரீசர்குலேஷனில் (உள்காற்றே சுற்றும்படி) வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டு, கண்ணாடிகளை ஏற்றி, கேனை அழுத்தி வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான். கேனில் குறிப்பிட்ட நேரம் கழித்துக் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விட்டால் முடிந்தது. மருந்துப் புகை காயில் வரை போகும், பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் அழுக்கைக் கழுவாது. வளர்ந்த இடத்திலேயே திரும்ப வளரும்.

ஃபோமில் வேலை அதிகம். நீண்ட குழாயை டிரெயின் பைப் வழியாகவோ, ஃபில்டர் இருக்கும் பொந்து வழியாகவோ காயில்வரை செலுத்த வேண்டும். நுரை பொங்கித் தகடுகளுக்குள் புகுந்து, ஊறி, நீராகி, அழுக்கோடு கீழே இறங்கும். அடியில் ஒரு தட்டை வைத்துப் பாருங்கள், வருகிற தண்ணீரின் நிறமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். என் ஓட்டு இதற்குத்தான். ப்ளோயர் மோட்டார் மீதும் வயர் இணைப்புகள் மீதும் படாமல் அடிக்க வேண்டும்; அந்தக் கைப்பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம். வீட்டு ப்ளீச்சை மட்டும் எதற்கும் ஊற்றாதீர்கள், அலுமினியக் காயிலை அரித்துவிடும்.

ஓசோன் வாயு என்பதால் சந்து பொந்தெல்லாம் நுழையும். சீட்டில் ஊறிய சிகரெட் வாடைக்கு அது நல்ல ஆயுதம். காயில் விஷயத்தில் அழுக்கும் ஈரமும் இருந்த இடத்திலேயே இருக்கும். நுரையீரலுக்குக் கெடுதல், அடிக்கடி செய்தால் ரப்பர் பாகங்களிலும் வெடிப்பு விழும். ஓசோன் விடும் இயந்திரம் ஓடும்போது காருக்குள் ஆளும் இருக்கக்கூடாது, நாயும் இருக்கக்கூடாது. பூஞ்சை வாடைக்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இவை எதுவும் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஈரத்தைப் போக்குவது செலவே இல்லாத ஒரு பழக்கம்: போய்ச் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரை ஓடவிடுங்கள். காயில் காயத் தொடங்கும். வண்டி நின்றபிறகு ப்ளோயரைத் தானே ஓட்டிக் காயவைக்கும் வசதி சில புதிய கார்களில் வருகிறது. ஏற்கெனவே படர்ந்த பூஞ்சையை இது போக்காது. ஃபோம் அடித்தபிறகு இதைக் கடைப்பிடித்தால் அடுத்த கேனுக்கு அவசரம் இருக்காது.

வாடையே வேறு மாதிரி இருந்தால் இந்த ஒப்பீடு முழுக்க வீண். இனிப்பு வாடையோடு முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால் ஹீட்டரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது. பெட்ரோல் வாடையோ வயர் கருகும் வாடையோ வந்தால் ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம், நேராக மெக்கானிக்கிடம். நாளுக்கு நாள் ஏறும் அழுகல் நாற்றம் என்றால் எலியைத் தேடுங்கள்.

கேன் வாங்கக் கிளம்பும் முன் இன்னொன்று: புழுக்கமான நாளில் கால் மணி நேரம் ஏசியை ஓடவிட்டு, காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டவில்லை, உள்ளே கால்மிதியும் ஈரமாக இருக்கிறது என்றால் டிரெயின் பைப் அடைத்திருக்கிறது. அதைத் திறக்காமல் ஃபோம் அடித்தால் அந்த அழுக்குத் தண்ணீரும் உங்கள் கால்மிதிக்குத்தான் வரும்.