ட்ரோம்சோவில் நாய் வண்டி: அடுத்தவர் ஓட்ட உட்கார்ந்து போகாதீர்கள், நீங்களே ஓட்டுங்கள்

ஜனவரி கடைசியில் நானும் மனைவியும் நார்வேயின் ட்ரோம்சோவுக்குப் போயிருந்தோம். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, 69ஆவது அட்சரேகையை ஒட்டிய ஊர். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி பாதிக்கு மேல்தான் திரும்ப எட்டிப் பார்க்கும், அதனால் நாங்கள் போனபோது பகல் என்பது நாலைந்து மணி நேரம்தான். நாய்கள் பனியில் இழுத்துப் போகிற சறுக்கு வண்டிதான் நாய் வண்டி, அதற்கு ஆளுக்கு 2,000 நார்வே குரோனருக்கு மேல் ஆனது. காசு அதிகம்தான், ஆனால் கொடுத்ததற்கு வருத்தமில்லை.

ஊரிலிருந்து பேருந்தில் க்வாலோயா தீவுக்குக் கூட்டிப் போகிறார்கள். பண்ணைக்குள் கால் வைத்ததும் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் ஒரே நேரத்தில் குரைக்கிற சத்தம், பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. படங்களில் வருகிற புசுபுசு நாய்களை நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். இவை அலாஸ்கன் ஹஸ்கி, ஓடுவதற்கென்றே பல இனங்களைக் கலந்து வளர்த்தவை, ஒல்லியாக 20, 25 கிலோதான் இருக்கும். புறப்படும் முன் வாரை இழுத்துக்கொண்டு நாலு காலிலும் எம்பிக் குதிக்கின்றன. நங்கூரத்தைப் பனியிலிருந்து பிடுங்கி, பிரேக்கிலிருந்து காலை எடுத்த அந்த நொடியில் அத்தனை சத்தமும் சட்டென்று நின்றுவிடுகிறது. அப்புறம் சறுக்குக் கட்டை பனியில் உரசுவதும் நாய்கள் மூச்சு வாங்குவதும் மட்டும்தான் கேட்கும். அந்த அமைதிக்காகவே இன்னொரு முறை போவேன்.

ஒருவர் உட்கார, ஒருவர் பின்னால் நின்று ஓட்ட வேண்டும், பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம். என்ன ஆனாலும் கைப்பிடியை விடக்கூடாது, விட்டால் நாய்கள் உங்களுக்காக நிற்காது. மேடு வந்தால் ஒரு காலால் உந்தித் தள்ள வேண்டும். நான் சும்மா நின்றபோது பின்வரிசை நாய் ஒன்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது, உடனே இறங்கித் தள்ளினேன்!

குறை என்றால், நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள், வண்டியில் இருந்தது ஒரு மணி நேரம் சொச்சம்தான். ஓட்டும் முறையைப் பத்தே நிமிடத்தில், அதுவும் குரைப்புச் சத்தத்துக்கு நடுவில் சொன்னார்கள், பின்வரிசையில் நின்ற எங்களுக்குப் பாதி கேட்கவில்லை. முன்னால் போன ஜோடி முதல் வளைவிலேயே கவிழ்ந்தது. அடி எதுவும் இல்லை, ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டத்துக்கு முன்பே அமைதியான இடத்தில் செலவழித்திருக்கலாம். அவர்கள் தந்த கனமான உடையும் பூட்ஸும் நன்றாக இருந்தன, கையுறை மட்டும் ஈரம். கையுறையும் கம்பளி உள்ளாடையும் உங்களுடையதையே கொண்டு போங்கள், பருத்தி வேண்டவே வேண்டாம். முதுகுவலிக்காரர்கள் யோசித்துச் செய்யுங்கள், பாதை தூக்கிப் போடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் பரிந்துரைக்கக் காரணம், திரும்பி வந்ததும் கைடு செய்த வேலை. எங்களைக் கவனிக்கும் முன் ஒவ்வொரு நாயின் பாதத்தையும் மடியில் வைத்து, விரல் இடுக்கில் உறைந்திருந்த பனிக்கட்டியை விரலால் எடுத்துவிட்டார். அவசரமே இல்லை. அதை முடித்துவிட்டுத்தான் கூடாரத்தில் தீ மூட்டி எங்களுக்கு பிடோஸ் கொடுத்தார்கள், இந்த வடக்குப் பகுதியின் பழங்குடிகளான சாமி மக்களின் ரெயின்டீர் இறைச்சிக் குழம்பு, உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு, காரம் சுத்தமாக இல்லாமல், அந்தக் குளிருக்கு அமிர்தம். 1925இல் அலாஸ்காவின் நோம் ஊருக்கு டிப்தீரியா மருந்து கொண்டு போன நாய் வண்டித் தொடர் ஓட்டத்தில் மிக நீண்ட பகுதியை ஓட்டிய லியோன்ஹார்ட் செப்பாலா இந்த வட்டாரத்தில் பிறந்தவர்தான் என்பதை அந்தத் தீயருகேதான் கேள்விப்பட்டேன். அவருடைய வண்டியை முன்னால் ஓடி வழிநடத்திய நாய் டோகோவுக்கு அப்போது வயது 12 இருக்கும் என்றார்கள்.

முன்பதிவு செய்யும்போது மொத்த நேரத்தைக் கேட்காதீர்கள், வண்டியில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். அடுத்த முறை நாங்கள் மார்ச்சில் போவதாக இருக்கிறோம், பகல் நீளமாக இருக்கும், வடக்கு நார்வேயிலேயே உள்ள ஆல்டாவில் 1,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிற ஃபின்மார்க்ஸ்லோபெட் நாய் வண்டிப் பந்தயத்தின் தொடக்கத்தையும் பார்த்துவிடலாம்.