ஸ்கிம்மரா, வாளியா?

காட்பாடியில் எங்கள் வீட்டில் கடல்நீர்த் தொட்டி இரண்டு இருக்கிறது. கூடத்தில் இருப்பது 80 லிட்டர்; அதற்கு அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே இருப்பது 300 லிட்டர், அதற்கு உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் 'நீமோ எங்கே?' என்பார்கள். தானும் ஒரு தொட்டி வைக்கலாமா என்று யோசிப்பவராக இருந்தால் அடுத்து, 'அந்த நுரை மெஷின் கட்டாயமா?' என்பார். முதல் கேள்விக்கு விரலைக் காட்டினால் போதும். இரண்டாவதற்கு அப்படி முடியாது.

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு ஸ்கிம்மரை விளக்குவது சுலபம். கொப்பரையில் கரும்புச் சாறு கொதிக்கும்போது அழுக்கு நுரையோடு மேலே திரளும், அதை ஒதுக்கி எடுப்பார்கள். ஸ்கிம்மர் அடுப்பில்லாமல் அந்த வேலையைச் செய்கிறது. அதன் பம்ப் காற்றைப் பொடிப்பொடிக் குமிழாக்கித் தண்ணீரில் கலக்கும். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் கரைந்து வரும் புரதம் போன்ற பொருள்களின் மூலக்கூறில் ஒரு பகுதி தண்ணீரோடு ஒட்டும், இன்னொரு பகுதி விலகும். விலகும் பகுதி காற்றுக் குமிழைப் பிடித்துக்கொள்ளும். குமிழ் ஏறி நுரை கட்டி, மேலே உள்ள கோப்பையில் டிகாஷன் நிறத்தில் வடியும். நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நன்னீர்த் தொட்டியில் இது சரியாக நடக்காது. உப்பில்லாத தண்ணீரில் சின்னக் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும்.

கோப்பை நிறைவதைப் பார்த்தால் தொட்டியே சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். அது பாதி ஏமாற்று. அமெரிக்க வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009, 2010 வாக்கில் பல ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். தண்ணீரில் இருந்த கரிமப் பொருளில் சுமார் 20 முதல் 30 சதவீதத்தைத்தான் அவை எடுத்தன. மீதிப் பொருள் குமிழில் ஒட்டுவதே இல்லை. அழுக்கு மக்கிக் கடைசியில் நைட்ரேட் ஆகும்; ஏற்கெனவே உருவாகிவிட்ட நைட்ரேட்டையும் ஸ்கிம்மர் தொடாது. நைட்ரேட் ஆகப்போகும் அழுக்கில் ஒரு பங்கை முன்கூட்டியே வெளியேற்றுகிறது, அவ்வளவுதான்.

சரி, வாளியின் பக்கம் வருவோம். வாரா வாரம் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினால் போதாதா? சின்னக் கணக்கு ஒன்று. உங்கள் மீன்களால் வாரத்துக்கு 5 பிபிஎம் (லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம்) நைட்ரேட் ஏறுகிறது, நீங்கள் 10 சதவீதத் தண்ணீரை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசியும் பாக்டீரியாவும் எதையும் தின்னாவிட்டால் நைட்ரேட் 50 வரை ஏறித்தான் நிற்கும். 20 சதவீதம் மாற்றினால் 25-இல் நிற்கும். கொஞ்சமாக மாற்றுபவர் தண்ணீர் மாற்றியும் பயனில்லை என்று புலம்புவது இதனால்தான்.

என் 80 லிட்டரில் 20 சதவீதம் என்றால் 16 லிட்டர், ஒரு வாளி. லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பு 560 கிராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உள்ளே இருப்பதும் ஒரு ஜோடி க்ளவுன் மீன், காளான் பவளம், ஜோவா என்ற பூப்போன்ற பவள வகை மட்டுமே. இவை கொஞ்சம் நைட்ரேட் இருந்தால் முகம் சுளிக்காத ஜாதி. இங்கே ஸ்கிம்மர் தண்டச் செலவு.

300 லிட்டருக்கு அதே 20 சதவீதம் என்றால் 60 லிட்டர், 2.1 கிலோ உப்பு, அதுவும் வாரா வாரம். எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை (கரைந்த உப்புகளை அளப்பது) வைத்தால் ஆயிரத்தைத் தாண்டும், ஆர்.ஓ. இல்லாமல் ஆகாது. எங்கள் ஆர்.ஓ. ஒரு லிட்டர் தர மூன்று லிட்டரைக் கழிக்கும். அறுபதுக்கு நூற்றெண்பது. பாலாறு வருஷத்தில் பாதி மணலாய்க் கிடக்கும் ஊரில் அதைச் சாக்கடையில் விட மனசு வராது. துணி துவைக்கப் பிடித்து வைக்கிறோம். ஸ்கிம்மர் இருந்தால் 10 சதவீதத்திலேயே சமாளிக்க முடிகிறது.

ஆனாலும் நான் ஸ்கிம்மர் வாங்கியது அழுக்குக்காக அல்ல. பெரிய தொட்டியை முதல் வருஷம் அது இல்லாமல்தான் ஓட்டினேன். கத்திரி வெயில், வெளியே நாற்பதுக்கு மேல். மின்விசிறி வைத்தும் தொட்டி 30 டிகிரி. விடியற்காலை நாலு மணிக்குப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம்; குறை அழுக்கில் இல்லை. குமிழ் விடும் காற்றுக் கல்லைப் போட்டதும் கால் மணி நேரத்தில் கீழே இறங்கிவிட்டன. கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் 6.2 தான். வெளிச்சம் அணைந்த பிறகு பாசியும் பவளமும் அதிலேயே பங்கு கேட்கும். ஸ்கிம்மர் இரவெல்லாம் காற்றைக் கலக்குவதால் இந்தத் தொல்லை நின்றது. வேலூர் வெயிலில் அது முதலில் நுரையீரல், அப்புறம்தான் துடைப்பம்.

சிலர் சம்ப்பில் (பெரிய தொட்டிக்குக் கீழே அதோடு இணைந்த துணைத் தொட்டி) கீட்டோ என்ற நூல் பாசி வளர்த்து, பெரிய தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு அதற்கு விளக்குப் போடுகிறார்கள். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் தின்னும், இரவில் ஆக்சிஜனும் தரும். நல்ல வழிதான், ஆனால் இடம் வேண்டும்.

உயிர்ப்பாறையும் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்) ஸ்கிம்மரும் சேர்ந்தது பெர்லின் முறை. ஸ்கிம்மரே இல்லாமல் மணற்படுகையை நம்பியது மொனாக்கோவில் உயிரியலாளர் ழான் ஜொபேர் வகுத்த முறை. இரண்டிலும் பவளம் வளர்ந்தது. உயிர்ப்பாறைக்கு நமக்கு மன்னார் வளைகுடாக் கல் கிடைக்காது, கேட்கவும் கூடாது. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செயற்கைக் கல்லோடு தொடங்குகிறோம். அதில் பாக்டீரியா குடியேற மாதங்கள் ஆகும். அதுவரை ஸ்கிம்மர் சுமையைக் கொஞ்சம் குறைக்கும்.

ஸ்கிம்மரின் குறையையும் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் மேல் தொட்டித் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் ஏறிவிடும். கரண்ட் வந்ததும் நுரை பொங்கிக் கோப்பை வழியும். ஒரு முறை சேர்ந்திருந்த கசடெல்லாம் சம்ப்புக்கே திரும்பிவிட்டது. காற்றுக் குழாயில் உப்புக் கட்டும். வாரம் ஒரு தடவை வெந்நீர் விட வேண்டும். மின்சாரம் பரவாயில்லை. 10 வாட் பம்ப் என்றால் இரண்டு மாத பில்லில் பதினாலு, பதினைந்து யூனிட்.

நூறு லிட்டருக்குள், மீனும் இரண்டு மூன்று என்றால் வாளி போதும். ஸ்கிம்மர் பணத்தை ஆர்.ஓ.வில் போடுங்கள், கோடைக்கு ஒரு பேட்டரி காற்று பம்ப்பும் வாங்கி வையுங்கள். இருநூறுக்கு மேல் போனால் நான் ஸ்கிம்மர் இல்லாமல் இன்னொரு மே மாதத்தைத் தாண்ட மாட்டேன். வாளிக்காரர்களுக்கு ஒன்று: எடுத்த தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன், கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனது. "மீனுக்கு ஆர்.ஓ. தண்ணி, என் செடிக்கு உப்புத் தண்ணியாடா?" என்று அம்மா இன்னும் கேட்கிறார்.