மாசமாக இருக்கும்போது பி.பி.: நேரில் வகுப்பா, வீடியோவா, நர்ஸின் போனா?

தங்கைக்கு ஆறாம் மாதம் பி.பி. 140/90-ஐத் தாண்டியதும் டாக்டர் லேபிடலால் மாத்திரை எழுதினார். வீட்டில் ஒரு மெஷின் வாங்கி வையுங்கள், இதைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார். எங்கே போய்த் தெரிந்துகொள்வது என்பதில்தான் குழப்பம். நேரில் நடக்கும் வகுப்பு, மருத்துவமனை ஆப்பில் வரும் வீடியோ வகுப்பு, வாரம் ஒருமுறை கிளினிக் நர்ஸ் போன் செய்து பேசுவது என்று மூன்று வழி இருந்தது. நாங்கள் எடுத்தது போன். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

செக்கப்புக்கு நேரில் போவதை எதனாலும் மாற்ற முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூரினில் ஆல்புமின் பார்ப்பது, ரத்தத்தில் தட்டணுக்களும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது, ஸ்கேன், இதெல்லாம் போனில் நடக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா பார்க்கிறார், மாதாமாதம் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கென்று தனி முகாமும் உண்டு. நான் ஒப்பிடுவது சொல்லிக்கொடுக்கும் வேலையை மட்டும்தான். நேர் வகுப்பில் இரும்புச்சத்து மாத்திரை, தாய்ப்பால், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்று ஒரே மூச்சில் போகும்போது பி.பி.க்குக் கிடைப்பது சில நிமிடம். கூட்டத்தில் எழுந்து சந்தேகம் கேட்கிற ஆளும் குறைவு.

வீடியோ வகுப்பு பார்க்க நன்றாகவே இருக்கிறது. பட்டையைக் கையில் எங்கே கட்டுவது என்பதைப் படமாகப் பார்த்தால் உடனே புரியும். ஆனால் சொன்ன நேரத்துக்கு உட்கார வேண்டும், நெட் வர வேண்டும். அரசின் இ-சஞ்சீவனி 2020 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, காசில்லாமல் டாக்டரிடமே வீடியோவில் பேசலாம். ஒரு சந்தேகத்தை உடனே கேட்டுத் தெளிய நல்ல வழி, ஆனால் போன வாரம் நமக்கு என்ன ரீடிங் என்று தெரிந்த அதே ஆள் இந்த வாரமும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம், அது வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம். தங்கை திருப்பூரிலிருந்து கமுதிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தாள். அன்றோடு டாக்டர், நர்ஸம்மா, வகுப்பில் பழகிய நாலு பேர் எல்லாமே மாறிவிட்டது. கர்ப்பகால பி.பி. தொந்தரவு பெரும்பாலும் முற்றுவது கடைசி மூன்று மாதத்தில், நாம் ஊர் மாற்றுவதும் அதே நேரத்தில். கையில் அட்டை இருக்கிறது, கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கிடைத்த பிக்மி நம்பரும் கூடவே வருகிறது, அதெல்லாம் சரி. ஆனால் இவளுக்கு வழக்கமாக எவ்வளவு இருக்கும், எதைச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று தெரிந்த மனுஷி திருப்பூரிலேயே நின்றுவிடுகிறார். போன் என்றால் அவரும் கூடவே வருகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் போன் பக்கம்.

அவர் சொல்லிக்கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் மெஷினில் 148/94 காட்டியது, வீடே பதறியது. அந்த நர்ஸ் அக்கா போனில், "கண்ணு, எங்க உக்காந்திருக்க? கால் தரையில படுதா, தொங்குதா?" என்று கேட்டார். அவள் உயரமான கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு, பின்னால் சாயாமல், அம்மாவோடு பேசிக்கொண்டே பார்த்திருக்கிறாள். முதலில் பாத்ரூம் போய்வரச் சொன்னார். அப்புறம் முதுகு சாய்கிற நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்துக்குத் தலையணையில் வைத்து மறுபடி பார்த்தால் 132/84. இதையே வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள், ஆனால் அவள் காலைத் தொங்கப் போட்டிருப்பது வகுப்பில் யாருக்குத் தெரியும்?

அந்த அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்லி அம்மாவிடமும் பேசுவார். எனக்கு அது முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் வீட்டில் முடிவெடுப்பது பிள்ளைத்தாச்சி இல்லை. பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று அம்மா சொல்வதும் பாதி உண்மைதான். ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, ஒரே வாரத்தில் எடை சட்டென்று ஏறினாலோ சும்மா விடக்கூடாது. தலைவலி விடாமல் இருப்பது, கண்முன் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, இவையும் அப்படித்தான். மேல் வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே வலித்தால் நம் வீடுகளில் வாய்வு என்று ஓமத் தண்ணீர் கொடுப்போம். அது ஈரல் பாதிக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பது எனக்கே புதிது. மெஷினில் 160/110 அல்லது அதற்கு மேல் காட்டினால், அல்லது வலிப்பு வந்தால், போனில் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் தங்கையைத் திருப்பிச் சொல்ல வைத்தார். உப்பை அடியோடு நிறுத்தினால் இது வராது, நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் வராது என்ற இரண்டு நம்பிக்கையையும் அவர்தான் உடைத்தார்.

பிரசவம் முடிந்தால் பி.பி.யும் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அது பெரும்பாலும் உச்சத்துக்குப் போகும், பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம். சுகப்பிரசவமென்றால் அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்திருப்போம், எல்லார் கண்ணும் குழந்தை மேல். வகுப்பு முடிந்துபோன இந்த வாரத்தில்தான் போன் கால் அதிகம் உதவியது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், பி.பி. இருந்து பிரசவமான பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு மெஷின் கொடுத்து எஸ்.எம்.எஸ். மூலம் ரீடிங் கேட்டார்கள், மறு பாதியை நேரில் வரச் சொன்னார்கள். 2018-ல் வந்த முடிவின்படி, முதல் பத்து நாளுக்குள் ரீடிங் கிடைத்தது எஸ்.எம்.எஸ். கூட்டத்தில் 92 சதவீதம் பேரிடம், நேரில் வரச் சொன்னவர்களில் 44 சதவீதம் பேரிடம். இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பிரிட்டனில் 2,400-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து நடந்த பம்ப் ஆய்வு 2022-ல் வெளியானது. வீட்டிலேயே பி.பி. பார்ப்பதால் கர்ப்பகால பி.பி. தொந்தரவை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அது சொன்னது. ஆக, மெஷின் வாங்கிவிட்டோம் என்று செக்கப்பைத் தள்ளிப்போட இடமில்லை. இரண்டும் நம் ஊர் ஆய்வு இல்லை, வளைகாப்புக்குப் பிறகு ஊர் மாறுகிற பெண்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது என் ஊகம் மட்டும்தான்.

போனுக்கும் குறை உண்டு. பதிவில் இருந்தது மாப்பிள்ளையின் நம்பர், ஊர் மாறிய புதிதில் கால் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் அடித்துக்கொண்டிருந்தது. தங்கைக்குத் தனி போன் இருந்ததால் மாற்றிவிட்டோம், சொந்த போன் இல்லாத பெண்களுக்கு இந்த வழி எப்படி என்று நான் சொல்ல முடியாது. இரட்டைக் கர்ப்பம், முன்பே பி.பி. அல்லது சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் விஷயத்திலும் எனக்கு அனுபவமில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு 12 வாரம் ஆனதுமே டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவதுண்டு, எனவே அவர்கள் எந்த வகுப்புக்கும் காத்திருக்காமல் முதல் செக்கப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மெஷின் வாங்கும்போது கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சான்று பெற்ற மாடலா என்று கேளுங்கள், எல்லா மாடலும் அப்படி இல்லை, சில மெஷின்கள் கர்ப்பகால பி.பி. முற்றும்போது குறைத்துக் காட்டும். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டும், சின்ன பட்டை கூட்டிக் காட்டும். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு போய், அங்கே பார்க்கும் ரீடிங்கோடு ஒத்துப்போகிறதா என்று நர்ஸ் முன்னாலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.