ஒன்பது மணிக்குள் ஓர் அஞ்சலிக் குறிப்பு: நூலகம் தளத்தோடு என் வேலை

யாழ்ப்பாணத்தில் கலை, பண்பாட்டுச் செய்தி எழுதத் தொடங்கி எனக்குப் பன்னிரண்டு வருடம். நல்லூரின் 25 நாள் திருவிழாவும், நூல் வெளியீடும், காணி மீட்புப் போராட்டமும் ஒரே வாரத்தில் என் கைக்கு வரும். இந்த வேலையில் எனக்கு அதிகம் கைகொடுப்பது கமராவோ ஒலிப்பதிவுக் கருவியோ இல்லை. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் படியெடுத்து இணையத்தில் வைத்திருக்கிற நூலகம் தளம்தான்.

ஒரு நாள் மாலை ஆறரைக்கு ஒரு மரணச் செய்தி வந்தது. வலிகாமத்தில் இசை நாடகம் நடித்த ஒரு முதியவர். ஒன்பது மணிக்குப் பக்கம் முடிய வேண்டும். மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அப்பா நடிகமணியோட மயான காண்டத்தில நடிச்சவர், தங்கச்சி. எப்ப எண்டு சரியாத் தெரியேல்ல. படமெல்லாம் இடம்பெயர்வோட போட்டுது" என்றார். மயான காண்டம் அரிச்சந்திரன் கதையைச் சொல்லும் இசை நாடகம். நடிகமணி என்றால் இங்கே இசை நாடகக் கலைஞர் வி. வி. வைரமுத்து, 1989இல் காலமானவர். அவரோடு மேடையேறியது ஒரு கலைஞரின் வாழ்வில் பெரிய விசயம். அதனாலேயே, சரிபார்க்காமல் எழுத மனம் வரவில்லை.

தளத்தில் முதியவரின் பெயரைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. ஊரின் பெயரைப் போட்டேன். அந்த ஊரிலேயே இருந்த வேறொரு நடிகரின் கல்வெட்டு வந்தது. வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும்: ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டில் நடக்கும் சடங்கான வீட்டுக்கிருத்தியத்தில் உறவினருக்குக் கொடுக்கிற நினைவு மலரைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம். பதினாறாம் பக்கத்தில் ஒரு நாடகக் குழுவின் படம். கீழே பெயர்கள். அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாக நின்ற சின்னப் பையன்தான் அன்று காலமானவர். நடிகமணியின் பெயரும் அதே வரிசையில் இருந்தது. எட்டரைக்குக் குறிப்பை அனுப்பினேன்.

கல்வெட்டு, கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சனசமூக நிலையத்தின் சிறப்பிதழ். ஓர் ஊரின் கலை வரலாறு இவற்றில்தான் கிடக்கிறது. கடையில் விற்காத, மறுபதிப்பு வராத தாள்கள். 2005இல் தொடங்கிய இந்தத் தளம் பெரிய எழுத்தாளரின் நூலுக்குக் கொடுக்கிற அதே இடத்தை இவற்றுக்கும் கொடுத்திருக்கிறது. எனக்கு அதில்தான் பெரிய மதிப்பு. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகையின் பழைய இதழ்களையும் இங்கே வாசிக்கலாம். எங்கள் அப்பா அவற்றை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, வீட்டை விட்டு நடந்த எங்களில் அந்தப் பெட்டியைத் தூக்க யாருக்கும் கை இருக்கவில்லை. அவரிடம் இருந்த ஓர் இதழின் அட்டையைத் திரையில் முதன்முதலாகக் கண்ட அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

இந்த ஊரில் தாளுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1981இல் பொது நூலகம் எரிந்த அந்த நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. அதனால் ஒரு பழைய பத்திரிகைப் பக்கம் அகப்பட்டால் அதன் அருமை எங்களுக்குத் தெரியும்.

சரி, பயன்படுத்துவது எப்படி? பணமும் இல்லை, பதிவும் தேவையில்லை. இதழ் என்றால் பெரும்பாலும் உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்து போட்டிருப்பார்கள். அதை வாசித்துவிட்டே தரவிறக்குங்கள், சில கோப்புகள் பெரியவை. பல ஆவணங்களுக்கு எழுத்துணரியாக்கப் பிரதியும், அதாவது பக்கப் படத்திலுள்ள எழுத்தைக் கணினியே வாசித்துத் தருகிற பிரதியும், உண்டு. ஆனால் அதை அப்படியே நம்பி மேற்கோள் எடுக்க வேண்டாம். பழைய அச்சில் ணை, லை போன்றவை அந்தக் காலத்து வடிவில் இருக்கும், கணினி தடுமாறும். மூலப் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். பெயர் தேடும்போது இராமநாதன், ராமநாதன் என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். முதலெழுத்துகளும் ஆளுக்கு ஆள் மாறும்.

இன்னொன்று. ஆவணம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. கல்வெட்டை எழுதுவது துக்கத்தில் இருக்கிற குடும்பம். ஆண்டு தவறும், பட்டம் கூடும். நான் இரண்டாவது சான்று தேடுவேன். கிடைக்காவிட்டால் "குடும்பத்தினரின் பதிவின்படி" என்று எழுதுவேன். இதே நிறுவனத்தின் ஆவணகம் தளத்தில் படங்களும் ஒலி, ஒளிப்பதிவுகளும் இருக்கின்றன. கூத்து, இசை பற்றி எழுதுகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

இளம் செய்தியாளர்களுக்கு நான் சொல்வது, நூலக எண்ணைக் குறித்து வையுங்கள் என்று. தளத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு. என் குறிப்புப் புத்தகத்தில் அந்த முதியவரின் பெயருக்குப் பக்கத்திலும் ஒன்று எழுதியிருக்கிறேன். அடுத்த நாள் மகன் எடுத்தார். அந்தப் படத்தைத் தான் கண்டதே இல்லை என்றார். எண்ணைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.