கல்லாவில் பேசும் பெட்டி: ஒன்றிரண்டு வருடம் ஓட்டிய பிறகு

டீக்கடை, இட்லிக்கடை, பூக்கடை, தள்ளுவண்டி என்று எங்கே போனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில், பணம் வந்ததை வாய்விட்டுச் சொல்லும் ஒரு சவுண்ட்பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. யுபிஐ வந்தது 2016-இல். முதல் சில ஆண்டுகள் வாடிக்கையாளர் போனை நீட்டி "போட்டுட்டேன்ணா, பாருங்க" என்பார், கடைக்காரர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தன் போனைத் தேடுவார். அந்த அவதியைத் தீர்த்தது இந்தப் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாத பூக்காரம்மாவுக்கும் பணம் வந்தது காதில் விழுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை வாங்கச் சொல்லலாம்.

மாத வாடகை பெரும்பாலும் 100 ரூபாயை ஒட்டி வரும். உள்ளே சொந்தமாக ஒரு சிம் இருப்பதால் கடைக்காரரின் டேட்டா செலவாகாது. தகரக் கொட்டகையின் உள்மூலையில் வைத்தால் டவர் கிடைக்காமல் திணறும், தெருப்பக்கம் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அடுப்பிலிருந்து இரண்டு கையளவாவது தள்ளியே இருக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் ஸ்பீக்கர் ஓட்டைகளில் படிந்துவிட்டால் "இருபது" எது, "இருநூறு" எது என்று பிரித்துக் கேட்க முடியாது. வாரம் ஒருமுறை காய்ந்த பல் துலக்கும் பிரஷால் தட்டிவிட்டால் போதும். பேட்டரி ஒரு வருடத்துக்குப் பிறகு மெல்லத் தளரும், காலையில் நிரப்பியது மாலைக் கூட்டத்துக்கு முன்பே அணைந்துபோகும். வாடகைப் பெட்டி என்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கூட்ட நேரத்தில்தான் அதன் குறை தெரியும். பெட்டி தொகையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. இரண்டு பேர் ஆளுக்கு 30 ரூபாய் போட்டதாகச் சொல்வார்கள், பெட்டி ஒருமுறைதான் பேசியிருக்கும். அப்போது ஸ்கிரீன்ஷாட்டையோ பச்சை டிக் அடையாளத்தையோ நம்ப வேண்டாம், பணம் போனதுபோலக் காட்டும் போலிச் செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன. உங்கள் வணிகச் செயலியைத் திறந்து, அனுப்பியவர் பெயரையோ 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையோ ஒத்துப் பாருங்கள். நெட்வொர்க் விட்டுவிட்டு வந்தால் சில பெட்டிகள் பழைய அறிவிப்புகளையும் சேர்த்துக் கொட்டும். அந்த நேரம் காதை நம்பிப் பொட்டலத்தைக் கொடுக்காதீர்கள்.

கடை திறந்ததும் ஒரு வேலை: வேறொரு போனில் உங்கள் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, திரையில் வரும் பெயர் உங்களுடையதுதானா என்று பார்த்து, 1 ரூபாய் போடுங்கள். பெட்டி பேசுகிறதா என்பதும், ராத்திரி யாராவது உங்கள் ஸ்டிக்கர் மேல் தங்களுடையதை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்களா என்பதும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து கடைக்கு வரவில்லை என்றால், தானாகத் திரும்ப ஐந்து நாள் வரை ஆகலாம். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. இதைப் பொறுமையாகச் சொன்னால் கடை வாசலில் சண்டை வராது.

பெட்டியை விடக் கவனிக்க வேண்டியது அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பது. பல கடைகளில் அது மகன் பெயரில் இருக்கும். அம்மா நாள் முழுக்க நின்று விற்பார், பணம் மகன் கணக்குக்குப் போகும். முன்பு ராத்திரி கல்லாவைக் கவிழ்த்து எண்ணினால் அன்றைய நிலவரம் அம்மாவின் கையிலேயே இருந்தது. இப்போது மகனைக் கேட்டால்தான் தெரியும். போதாக்குறைக்கு அதே கணக்கில் வண்டித் தவணை இருந்தால், 5-ஆம் தேதி காலை கொள்முதல் பணத்தை வங்கி எடுத்துக்கொண்டிருக்கும். விற்பவர் பெயரிலேயே, கடைக்கென்று தனிக் கணக்கு திறந்து, வணிகர் அட்டையாக வாங்குங்கள். தவணை எதையும் அதில் கோக்காதீர்கள்.

தனிக் கணக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. இணைய மோசடியில் ஏமாந்தவர் 1930 என்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தால், அந்தப் பணம் நகர்ந்த கணக்குகளை வரிசையாக முடக்குவார்கள். திருட்டுப் பணத்தில் ஒருவன் உங்களிடம் 60 ரூபாய்க்குச் சாப்பிட்டிருந்தாலும் உங்கள் கணக்கும் அந்த வரிசையில் வந்துவிடலாம். அப்படி நடந்தால் கிளைக்குப் போய்ப் புகார் எண்ணையும் எந்த ஊர்க் காவல் நிலையம் என்பதையும் எழுதி வாங்கி, குறிப்பிட்ட பரிவர்த்தனை, கடை உரிமம், விற்ற பொருள் விவரத்தோடு விசாரணை அதிகாரிக்கு மனு அனுப்ப வேண்டும். முழுக் கணக்கையும் விடுவித்து, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நாட்களில் வீட்டுச் செலவு நிற்காமல் இருக்க, முன்னாலிருந்தே சேரும் பணத்தை அன்றன்றே வேறு கணக்குக்கு மாற்றி வருவது நல்லது.

செலவுக் கணக்கில் பலரும் வாடகையை மட்டும் பார்க்கிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-க்கு வணிகர் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் விடியற்காலைச் சந்தையில் மொத்த வியாபாரி ரொக்கம்தான் கேட்கிறார் என்றால், தினமும் ஏடிஎம் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசம். அதற்கு மேல், 2025 மே முதல், ஒவ்வொரு தடவைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம், வரி தனி. தினமும் எடுப்பவருக்கு மிச்சம் 25 தடவை, 575 ரூபாய். பெட்டி வாடகையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இது! மொத்த வியாபாரியிடமும் ஸ்கேன் செய்து கொடுக்கப் பேசிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் நாலைந்து நாள் கொள்முதலை ஒரே தடவையில் எடுங்கள். பணம் மறுநாள்தான் கணக்கில் விழும் என்கிற திட்டத்தில் இருந்தால், உடனுக்குடன் விழும் திட்டம் உண்டா, அதற்குத் தனிக் காசு பிடிப்பார்களா என்று பெட்டி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வரி பயமும் இருக்கிறது. 2025 ஜூலையில் பெங்களூருவில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் போனதும், சில கடைகள் அட்டையைக் கழற்றி "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தன. பொருள் விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். மாமன் மச்சானுக்குக் கைமாற்றாகப் போட்டு வாங்கும் பணமும் கடைக் கணக்கில் ஓடினால் அதுவும் விற்பனையாகத் தெரியும். அதைத் தனியே வைத்தாலே பாதி பயம் குறையும். வருமான வரியில், விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் சிறு வணிகர் முறையில் (1961 சட்டத்தில் 44ஏடி பிரிவு) கணக்குக் காட்டுபவருக்கு ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபமாகக் கொள்வார்கள், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம்தான்.

பெட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தால், ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டால் வாடகை நிற்காது. செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய், மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியை ரத்து செய்யுங்கள், வாடகையை வரவிலிருந்தே கழிக்கும் திட்டமென்றால் சேவையை நிறுத்தச் சொல்லி விண்ணப்பம் போடுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கி வைத்துக்கொண்டு, சுவரிலிருக்கும் ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் பழக்கத்தில் அதையே ஸ்கேன் செய்வார்கள்.