எடின்பரோவின் ஒரு ஜன்னல்: மூன்று குளிர்காலங்களுக்குப் பிறகு

தஞ்சாவூரில் நான் படித்த கல்லூரியிலிருந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு மேற்படிப்புக்கு வரவிருக்கும் தம்பி ஒருவர், சென்ற வாரம் ஒரு வாடகை விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, இந்த அறையை எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். பழமை குலையாத விக்டோரியா காலத்துக் கட்டடம், உயர்ந்த கூரை, மேலும் கீழும் ஏறி இறங்கும் அசல் சாஷ் ஜன்னல்கள் என்று அதில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். என் அறையின் சாஷ் ஜன்னலைப் பழுதுபார்த்துவிட்டுத் தச்சர் கிளம்பிப் போய் அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பத்து நாள் முன்னதாகக் கேட்டிருந்தால் "வேண்டாம்" என்ற ஒரே சொல்லோடு முடித்திருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்திருக்கிறது.

கோட்டை, எரிமலைக் குன்று, ஆகஸ்ட் மாதத்துக் கலைவிழாக் கூட்டம், பழைய நகரும் புதிய நகரும் சேர்ந்து 1995-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறியது ஆகியவற்றையெல்லாம் இங்கே வரும் எவரும் முன்பே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் ஆராய்ச்சிப் படிப்பின் மூன்று ஆண்டுகளில் கோட்டைக்குள் நான் நுழைந்தது ஒரே ஒரு முறை. இந்த ஜன்னலோடு போராடியதோ அநேகமாகத் தினமும். ஒரு வரலாற்று நகரம் அங்கே குடியிருப்பவரைத் தொடுவது கோபுரத்தாலோ கொத்தளத்தாலோ அன்று, தலைமாட்டில் இருக்கும் ஜன்னலால்தான் என்பது எனக்கு இப்படித்தான் தெரிந்தது.

நான் இருப்பது மார்ச்மாண்ட் பகுதியில், 1880-களில் மணற்கல்லால் கட்டிய நான்கு அடுக்கு வீட்டின் மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. நூற்று நாற்பது ஆண்டுகளாக மிதிபட்டு நடுவில் குழிந்துபோன கல்படிகளில், இருபத்து மூன்று கிலோ பெட்டிகள் இரண்டை ஒவ்வொன்றாக ஏற்றிக் கொண்டுவந்து அறைக்கதவைத் திறந்த முதல் நாள், ஏழடி உயர ஜன்னலையும் அதற்கு வெளியே ஆர்தர்ஸ் சீட் குன்றின் ஒரு தோளையும் பார்த்து, வாடகை குறைவாகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அது செப்டம்பர் மாதம்.

சாஷ் ஜன்னல் நம் ஊர் ஜன்னலைப்போலக் கதவைத் தள்ளித் திறப்பதன்று. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள், ஒன்றன் முன் ஒன்றாக, மரத்தடத்தில் ஏறி இறங்கும். ஒவ்வொரு சட்டத்தின் இரு ஓரத்திலும் கட்டிய கயிறு நிலையின் உச்சியில் உள்ள சிறிய கப்பியின்மேல் ஏறி, நிலைக்குள் மறைந்திருக்கும் பொந்தில் இறங்கி, ஓர் இரும்புக் குண்டில் முடிகிறது. கண்ணாடிச் சட்டத்தின் எடையும் குண்டுகளின் எடையும் சமமாக இருப்பதால், விட்ட இடத்தில் அது நிற்கும். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது இதன் மறுபக்கத்தைத்தான். ஏறி இறங்கும் எதற்கும் இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் காற்று வரும். அந்தக் காற்று வட கடலை ஒட்டிய ஊரின் காற்று. அம்மியைப் பறக்கவிடும் ஆடி இங்கே அக்டோபரில் பிறந்து ஏப்ரலில்தான் முடிகிறது.

முதல் குளிர்காலத்தில் இரவு முழுவதும் சட்டம் கடகடவென்று ஆடியது. அட்டையை நான்காக மடித்து இடுக்கில் செருகினேன். ஊரிலிருந்து தலையணை உறையாகத் தைக்கலாம் என்று கொண்டுவந்திருந்த அப்பாவின் பழைய வேட்டியைப் பாம்புபோலச் சுருட்டிக் கீழ்ச் சட்டத்தின் ஓரத்தில் வைத்தேன். காலையில் எழுந்தால் ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கமெல்லாம் நீர் வழிந்து, வேட்டி நனைந்து, பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும். டிசம்பரில் சூரியன் எட்டே முக்காலை ஒட்டி எழுந்து, நாலு மணிக்கு முன்பே போய்விடுகிற ஊரில் அந்த வேட்டியை எங்கே காயப்போடுவது என்பது தனிக் கவலை. ஜனவரி கடைசியில் அலமாரியை நகர்த்தியபோது பின்சுவரில் மிளகு தெளித்ததுபோல் கரும்பூசணம் பிடித்திருந்தது. அறையின் வெப்பமானி ஹீட்டர் ஓடும்போதும் பதினாறு டிகிரியைத் தாண்டவில்லை. எரிவாயுக் கட்டணத்தில், வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் மூவரில் என் பங்கு மட்டும் அந்த மாதம் 74 பவுண்டு.

இரண்டாம் குளிர்காலத்தில் கொஞ்சம் அறிவு வந்தது. ஜன்னல் நிலையின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால், அது சுருங்கி இழுபட்டு இரண்டாவது கண்ணாடிபோல் நிற்கும். நிலையோடு சேர்ந்த பழைய மரக்கதவுகளை, அழகுக்காக வைத்தவை என்று நான் நினைத்திருந்ததை, இரவில் மடித்துச் சாத்தவும் கற்றுக்கொண்டேன். அவற்றை வைத்தவர்கள் முட்டாள்கள் அல்லர். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே படுத்தவரும் இதே காற்றில்தான் படுத்தார். அவருக்கு இந்த மரக்கதவும் அறைதோறும் நிலக்கரி அடுப்பும் இருந்தன. அடுப்பை அடைத்துவிட்டார்கள், ஜன்னலை மட்டும் அப்படியே காத்துவருகிறார்கள்.

என் கோபம் சரியாக இந்த இடத்தில்தான் நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் மரச் சட்டத்தை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்ட முடியாது. தெருவில் நடப்பவருக்கு அந்த வரிசை ஜன்னல்கள் அவ்வளவு அழகு, நானே நின்று படம் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த அழகுக்கான எரிவாயுக் கட்டணத்தைத் தெருவில் நடப்பவர் கட்டுவதில்லை, வீட்டு உரிமையாளர் கட்டுவதில்லை, ஜன்னலுக்குப் பின்னால் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் வாடகைக்காரர் கட்டுகிறார்.

இந்த ஊரில் வாழ்ந்த நகரத் திட்டமிடல் அறிஞர் பேட்ரிக் கெடிஸ் என்பவரைப் பற்றி இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். பழைய நகரின் கட்டடங்கள் சேரிகளாகச் சீரழிந்து கிடந்த காலத்தில், 1886-இல் தம் மனைவி அன்னாவோடு ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தில் தாமே குடியேறி, இடித்துத் தள்ளாமல் பழுதுபார்த்தே அந்தப் பகுதியை மீட்க முயன்றவர். அவரே பின்னால் சென்னை மாகாணத்துக்கு வந்து, 1915-இல் தஞ்சாவூருக்கும் ஓர் அறிக்கை எழுதினார். நெரிசலான தெருக்களை ஒரேயடியாக இடித்து நேர்கோடு போட வேண்டாம், வேண்டிய இடத்தில் மட்டும் சிறிதாக அறுத்து மீதியைக் காக்கலாம் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் வைத்த பெயரே காக்கும் அறுவைச் சிகிச்சை என்ற பொருள் தருவது. தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை எடின்பரோதான் சொல்ல வேண்டியிருந்தது. கெடிஸிடம் எனக்குப் பிடித்தது அவர் கொள்கையைவிட, அந்த ஓட்டை வீட்டுக்குள் அவரே படுத்துத் தூங்கினார் என்பதுதான். எங்கள் உரிமையாளர் வெயில் அடிக்கும் வேறொரு நாட்டில் வசிக்கிறார்.

மூன்றாம் குளிர்காலத்தின் தொடக்கத்தில், நவம்பர் மாத இரவொன்றில், மேல்சட்டத்தின் கயிறு அறுந்தது. பொந்துக்குள் குண்டு விழுந்த சத்தத்தில் அடுத்த அறைப் பெண் ஓடிவந்தார். சட்டம் நான்கு விரற்கடை இறங்கி அப்படியே நின்றுவிட்டது. இருவரும் சேர்ந்து தள்ளியும் ஏறவில்லை. வாடகையை நிர்வகிக்கும் முகவருக்கு மறுநாளே எழுதினேன். இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், அனுமதி பெற வேண்டும், பொறுத்திருங்கள் என்று பதில் வந்தது. அதே பதில் தேதி மட்டும் மாறி நான்கு முறை வந்தது. பதினொரு வாரம் அந்த இடைவெளியைப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டிய போர்வையால் அடைத்துவைத்திருந்தேன். வாடகை வீடு காற்றும் மழையும் புகாததாக இருக்க வேண்டும் என்பது ஸ்காட்லாந்துச் சட்டம் உரிமையாளர்மீது வைத்திருக்கும் கடமை என்றும், அதற்கென உள்ள தீர்ப்பாயத்தில் கட்டணமின்றி முறையிடலாம் என்றும் பல்கலைக்கழக மாணவர் உதவி மையத்தில் சொன்னார்கள். அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதிய ஒன்பதாம் நாள் தச்சர் வந்தார்.

அறுபதைக் கடந்த மனிதர். முதலில் எதையும் கழற்றாமல், ஒரு தேய்ந்த உளியால் நிலையின் ஓரத்துப் பெயின்டைக் கீறிக்கொண்டே வந்தார். கீறிய இடத்தில் வெள்ளை, அதற்குக் கீழே பாலாடை நிறம், பச்சை, பிறகு கருஞ்சிவப்பு என்று அடுக்கடுக்காக வந்தது. ஒவ்வொரு குடித்தனமும் ஒரு பூச்சு பூசி ஜன்னலை இறுக்கியிருக்கிறது. கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அகல மரத்துண்டு ஒன்றை நெம்பி எடுத்தார். மூன்று ஆண்டுகள் பக்கத்திலேயே படுத்திருந்தும் அங்கே ஒரு மூடி இருப்பது எனக்குத் தெரியாது. அதற்குள் கையை விட்டு, துருவும் ஒட்டடையுமாக, உலக்கைத் துண்டுபோல் ஓர் இரும்புக் குண்டை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். தூக்கிப் பார்த்தபோது, நம் வீட்டுக் குழவிக்கல்லின் கனம். அறுந்த கயிறு விரலில் நசுக்கியதும் தூளாக உதிர்ந்தது. அனுமதி எப்போது கிடைத்தது என்று கேட்டேன். கயிறு மாற்றுவதற்கு எவனும் அனுமதி கேட்பதில்லை, இருந்ததை இருந்தபடி சரிசெய்வது பழுதுபார்ப்பு, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் தேநீரைக் குடித்தார். பதினொரு வாரம் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்பதை அப்போது புரிந்துகொண்டேன்.

நான்கு கயிறுகளையும் மாற்றி, தடத்தின் ஓரங்களில் தூரிகைபோன்ற காற்றுத்தடுப்புப் பட்டையைப் பதித்து, மெழுகு தேய்த்துவிட்டு, "தள்ளிப் பாருங்கள்" என்றார். இரண்டு விரலால் தள்ளினேன். ஏழடி ஜன்னலின் பாதி, ஒரு சத்தமுமின்றி மேலே போய், விட்ட இடத்தில் நின்றது. மொத்த வேலைக்கும் பிடித்தது மூன்றரை மணி நேரம். முதல் ஆண்டே செய்திருந்தால் பூசணமும் இல்லை, பிளாஸ்டிக் தாளும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை.

நியாயமாகச் சொல்வதானால், சரியாக இயங்கும் சாஷ் ஜன்னலுக்கு ஈடான ஜன்னலை நான் வேறெங்கும் கண்டதில்லை. மேல்சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, கீழ்ச்சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றினால், சூடான காற்று மேல்வழியே போய்க் குளிர்ந்த காற்று கீழ்வழியே வரும், விசிறி வேண்டியதில்லை. இதன் அருமை தாளிப்பவருக்குத் தெரியும். இங்கே வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. சமையலறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்து, காய்ந்த மிளகாயின் நெடி நடைவழிக்குப் போய்விட்டால், ஒன்று அலறி, தொடர்ந்து வீடு முழுவதும் அலறும். சமையலறை ஜன்னல் எப்போதும் நன்றாகவே இயங்கியதால்தான் நான் சாம்பார் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தேன். அதே சமையலறையில் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கி ஏறி இறங்கும் மரக் கொடி ஒன்றும் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் அதைக் கப்பி என்று பொருள்படும் பெயராலேயே அழைக்கிறார்கள். துணியை விரித்து மேலே ஏற்றிவிட்டால் அடுப்புச் சூட்டில் மறுநாள் காய்ந்துவிடுகிறது. என் வேட்டிக் கவலை தீர்ந்தது அங்கேதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழாய்த் தண்ணீர் மென்மையானது, காபி நன்றாக வருகிறது. முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு நகராட்சி வரி இல்லை. வாடகை ஒப்பந்தத்துக்குக் கெடுத் தேதி கிடையாது; கிளம்ப வேண்டுமானால் இருபத்தெட்டு நாள் முன்னறிவிப்புப் போதும். ஆகஸ்டில் முடிந்தால் இந்த ஊரில் இருக்க வேண்டாம். ஜூனில் கட்டாயம் இருக்க வேண்டும்: இரவு பத்து மணிக்கு வெளிச்சம் அந்த ஜன்னல் வழியாக வந்து எதிர்ச்சுவரில் சாய்ந்து நிற்கும்போது, ஜனவரியில் நான் திட்டிய திட்டெல்லாம் யாரோ திட்டியதுபோல் இருக்கும்.

ஆகவே தம்பிக்கு எழுதிய பதில் இது. அந்த அறையை எடுக்க வேண்டாம். மாணவர்களுக்கென்று புதிதாகக் கட்டிய விடுதிகளில், வெப்பக் கட்டணம் வாடகையிலேயே சேர்ந்த, இரட்டைக் கண்ணாடி போட்ட அறை ஒன்றைப் பார்க்கவும். நான் வீடு மாறவில்லையா என்று உடனே திருப்பிக் கேட்டார். இல்லை. மேலும், என் பக்கத்து அறை ஆகஸ்ட் கடைசியில் காலியாகிறது. அதிலிருந்து பார்த்தால் குன்று முழுதாகத் தெரியும். அந்த ஜன்னலின் கயிறுகள் இன்னும் மாற்றப்படவில்லை. வருவதானால் பழைய வேட்டி இரண்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.