சம்ஸ்காராவும் கடஸ்ராத்தாவும்

கன்னட எழுத்தாளர் யு. ஆர். அனந்தமூர்த்தியின் கதைகளிலிருந்து உருவாகி, சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற இவ்விரு கறுப்பு வெள்ளைக் கன்னடப் படங்களும் அக்கிரகாரத்து ஆசாரத்தையே விசாரணைக்கு உட்படுத்துகின்றன. பட்டாபிராம ரெட்டி இயக்கிய ‘சம்ஸ்காரா’வில் (1970), ஆசாரங்களை மீறி வாழ்ந்து இறந்த நாரணப்பாவுக்கு யார் கொள்ளி வைப்பது என்ற கேள்வி ஊரையே உலுக்க, விடை தேடி ஏடுகளைப் புரட்டும் ஊர்ப் பண்டிதர் பிராணேசாச்சாரியராகக் கிரீஷ் கர்னாட், கற்ற சாஸ்திரம் கைவிட்ட மனிதனின் தத்தளிப்பை வெளிப்படுத்துகிறார், நாரணப்பாவின் துணைவி சந்திரியாக வரும் சினேகலதா ரெட்டியும் அவருக்கு ஈடுகொடுக்கிறார்.

கிரீஷ் காசரவள்ளியின் ‘கடஸ்ராத்தா’வோ (1977) வாதங்களை நாடுவதில்லை. கருவுற்ற இளம் விதவை யமுனாவுக்கு, அவள் உயிரோடிருக்கும்போதே ஈமச்சடங்கு செய்து விலக்கும் கொடுமையை, வேதபாடசாலைச் சிறுவன் நாணியின் கண்வழியே காண்கிறோம். மீனா குட்டப்பாவின் முகமே அதன் முழு வலியையும் சுமக்கிறது. இரண்டில் என் தேர்வு இதுவே: ‘சம்ஸ்காரா’வின் ஆச்சாரியர் தம் அறச்சிக்கலோடு ஊரைவிட்டு நடந்து போக முடிகிறது, யமுனாவுக்குப் போக இடமே இல்லை.